தூங்குகிற பிள்ளைக்கு எழுதின மாத்திரை

"தூங்குற புள்ளையப் பாத்துட்டு மாத்திரைய ஏத்தி எழுதிட்டான்டா அந்த டாக்டர்."

ஆவடி போகும் மாலை ரயிலில், எதிர் இருக்கைப் பெண் தன் தம்பியிடம் சொன்னாள். ஏழெட்டு வயது மகள் அவள் மடியில் உறங்கிக்கொண்டிருந்தாள்.

"மாத்திரை ஒத்துக்கலன்னு சொல்லத்தானே போனே?"

"அதான் சொன்னேன். ஒரு எடத்துல உக்காந்து படிக்கும்னு குடுத்தீங்க, மூணு நாளா ராத்திரில கண்ணே மூடலன்னேன். இங்க நல்லா தூங்கினுதானே கீதுன்னான். ரெண்டு மணி நேரம் வெளிய பெஞ்சுல குந்த வெச்சா புள்ள அசராதா? மருந்து நல்லா வேலை செய்யுது, இன்னும் அரை மாத்திரை சேத்துக் குடுன்றான். ஒங்க மாமா வேலை செய்ற பேக்டரி ஆஸ்பத்திரில நாம சொல்றதக் கேக்க ஆளில்லன்னு பிரைவேட்டுக்குப் போனேன் பாரு."

"எறங்கி பூத்துலேர்ந்து போன் போட்டுச் சொல்லு."

"போன்ல இன்னா சொல்றது? நேர்ல சொன்னதையே காதுல வாங்கல."

"அங்கியே எழுப்பிக் காட்டிருக்கலாம்ல?"

"மூணு நாள் கழிச்சுத் தூங்குதுடா. எப்பிடிடா எழுப்புவேன்?"

அண்ணனூரில் வண்டி நின்றது. தம்பி சிறுமியை எழுப்பக் கை நீட்டினான். அக்காள் அந்தக் கையைத் தட்டிவிட்டு, பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.