இல்லாத எறும்பு

ஆம்பூரில் பஸ் கிளம்பியதும் முன்சீட்டுக்காரர் மனைவியிடம், "வேட்டியில எறும்பு ஏறுது, தட்டி வுடு" என்றார்.

"எறும்பே இல்லய்யா."

"அப்ப ஊர்றது இன்னா?"

அவள் வேட்டியை உதறிக் காட்டினாள்.

"குடிச்சினு இருந்தப்போ தோல் ஷாப்புல கத்தி புடிச்சி அறுக்கற கை ஆடல. சாராயத்த வுட்டதும் கையும் நடுங்குது, எறும்பும் ஊர்து. நீதானே வுடச் சொன்ன?"

"நான்தான் சொன்னேன். இப்டி ஆவும்னு யாரு கண்டா?"

"கொஞ்சமா குடிச்சா சரியாப் பூடுமா?"

"எனக்குத் தெரியலய்யா. வேலூர் ஆஸ்பத்திரில டாக்டரக் கேக்கலாம்."

பள்ளிகொண்டாவில் பஸ் நின்றதும் அவர் சட்டென்று எழுந்தார். அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எறங்கினா நீ கடைக்குத்தான் போவ."

"ஆமா, போவேன்" என்று உட்கார்ந்தார். "வேலூர் வர்ற வரைக்கும் கைய வுடாத."