விருப்பப் பயிற்சி

உங்கள் இடது கணுக்கால் எப்போதோ ஒருமுறை பிசகியிருக்கிறது. உள்ளே நுழையும்போதே பார்த்தேன், பாதத்தை வெளிப்பக்கமாகச் சாய்த்து நடக்கிறீர்கள். யாரோ சரியாகக் கட்டாமல் விட்டிருக்கிறார்கள். கேள்வி கேட்க வந்த வக்கீலம்மாவிடம் இந்தக் கிழவன் காலைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். தொழில் புத்தி. முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைத்தான் பார்ப்பேன்.

இந்தப் பல்கலைக்கழகத்து அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு நான்தான் டிரெய்னர். வெளியூர்க்காரர்கள் இதைக் கோச் என்று குழப்பிக்கொள்வார்கள். பையன்களை ஓட வைப்பது கோச்சின் வேலை. அவர்களால் ஓட முடியுமா என்று பார்ப்பது என் வேலை. டேப் சுற்றுவேன், ஐஸ் வைப்பேன், சுளுக்கு எடுப்பேன். விதிப்படி எனக்கு ஒரு அதிகாரமும் உண்டு. நான் கையைத் தூக்கினால் பயிற்சி அப்படியே நிற்க வேண்டும், கோச்சாலும் மறுக்க முடியாது. நல்ல விதி. அது வந்தபோது நானும் கைதட்டினேன். ஆனால் ஒருநாளும் கையைத் தூக்கியதில்லை. தோளில் வெள்ளைத் துண்டு போட்டிருப்பேன், என் காரியமெல்லாம் அதோடு சரி.

டேப் சுற்றும் மேஜையில் பையன்கள் எல்லாவற்றையும் பேசிவிடுவார்கள். காலை ஒருத்தன் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். யாருக்குக் காதலியோடு சண்டை, யார் வேறு அணிக்குத் தாவப் பார்க்கிறான், எல்லாம் என் காதில் விழும். மறுநாள் காலையில், பிஸ்கட் என்று நாங்கள் சொல்கிற மெத்து ரொட்டியைக் கிரேவியில் தொட்டுச் சாப்பிடும்போது அதைக் கோச் ஹாகர்ட்டிடம் சொல்வேன். கோள் சொல்வது என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம், நான் தடுக்கப்போவதில்லை. ஹாகர்ட் எங்களை ஒரே குடும்பம் என்பார். குடும்பத்தில் நடப்பது பெரியவருக்குத் தெரிந்தால்தானே நல்லது.

டவாரிஸ் பெட்வேயைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள். அவன் அம்மா ஒடெஸாவுக்காக வழக்காடுகிறீர்கள். சொல்கிறேன், எனக்கு அவன்மேல் உண்மையான பிரியம் இருந்தது.

முன்வரிசையில் நின்று முட்டித் தள்ளுகிற ஆட்டக்காரன். கதவில் பக்கவாட்டாக நுழைய வேண்டிய உடம்பு, அதற்குள் ஒரு பூனைக்குட்டி மனசு. அம்மா கோழிக்கறித் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்ட். முதல் நாளே என்னைக் கிண்டல் செய்தான்.

"என்ன ரே சார், இப்படிச் சிக்கனமா சுத்துறீங்க? மிச்ச டேப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் கூரையில ஒட்டுவீங்களோ?"

அவன் சேர்ந்தபோது எடுத்த ரத்தச் சோதனை என்னிடம் வந்தது. சிக்கிள் செல் கூறு இருந்தது. நோய் என்று சொல்ல முடியாது, பெற்றோரில் ஒருவரிடமிருந்து வருவது, அநேகம் பேர் அது இருப்பது தெரியாமலே வாழ்ந்து முடிப்பார்கள். வெயிலில் மூச்சு வாங்கவிடாமல் ஓட்டினால்தான் வம்பு. ரத்த அணுக்கள் வளைந்து அடைத்துக்கொள்ளும், தசை செத்துப்போகும். அவன் வேகத்துக்கு ஓடவிட்டு, முடியவில்லை என்றால் உட்காரவிட்டால் போதும். நான் கோச்சிடம் சொல்லியிருக்க வேண்டும். சோதனையே அதற்குத்தான்.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "வேணாம் சார். ஸ்கூல்ல கோச்சுக்குத் தெரிஞ்சதும் என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரி ஓரமா உக்கார வெச்சிட்டாரு. இங்க ஸ்காலர்ஷிப் வருஷா வருஷம் கோச் கையில. அது போச்சுன்னா எங்கம்மா முகத்துல எப்படி சார் முழிப்பேன்?"

"சரிப்பா, சொல்லலை. ஆனா முடியலைன்னா அப்படியே நின்னு என்னைப் பாரு. நான் தோள்ல இருக்கிற துண்டைக் கையில எடுத்தேன்னா போய் உக்காந்துக்கோ. எவனாவது கேட்டா கணுக்கால் பிசகிடுச்சுன்னு நான் பார்த்துக்கிறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

இரண்டு வருடம் இது பிசகாமல் நடந்தது. அவன் நிற்பான், பார்ப்பான், நான் துண்டை எடுப்பேன். அணியிலேயே மோசமான கணுக்கால் பெட்வேயுடையது என்று எல்லோரும் நம்பினார்கள். ஆனைக்குட்டிக்குக் கோழிக்கால் என்று பையன்கள் கேலி செய்தார்கள். அவனும் கூடச் சிரிப்பான்.

போன வசந்தத்தில் அவன் அறைத்தோழனுக்கு ஆட்டத்தில் முழங்கால் போனது. அடுத்த வருடத்துக்கு ஸ்காலர்ஷிப் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போனான். அதிலிருந்துதான் டவாரிஸ் பேச ஆரம்பித்தான்.

"சார், வேலைக்காரங்களுக்கு இருக்கிற சட்டம் எதுவும் எங்களுக்கு இல்ல, நாங்க மாணவங்கங்கிறாங்க. மாணவன்தானே, வேதியியல் வகுப்பு எடுத்துக்கிறேன்னா, பயிற்சி நேரம், முடியாதுங்கிறாங்க. அப்ப நாங்க யாருதான் சார்?"

காலை நேராக வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

பையன்கள் எல்லோரும் சேர்ந்து பல்கலைக்கழகத் தலைவரிடம் போகப்போவதாகச் சொன்னான். அடிபட்டவனின் ஸ்காலர்ஷிப்பைப் பறிக்கக் கூடாது, டாக்டரும் டிரெய்னரும் கோச்சுக்குக் கட்டுப்பட்டவர்களாக இருக்கக் கூடாது, இந்த இரண்டும்தான் கோரிக்கை. "இரண்டாவது உங்களுக்காகத்தான் சார்" என்றான். "நீங்க யாருக்கும் பயப்படாம துண்டை எடுக்கணும்ல?"

மறுநாள் காலை அதையும் ஹாகர்ட்டிடம் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. தட்டில் ஒட்டியிருந்த கிரேவியை பிஸ்கட்டால் வழித்துக்கொண்டே, "நல்ல பையன்யா அவன். வேலை இல்லாத மூளைல பூச்சி அடையுது, அவ்வளவுதான். கொஞ்சம் ஓடவிட்டா தெளிஞ்சிடும். பர்டெட்கிட்ட சொல்லிடறேன்" என்றார். பர்டெட் உடற்பயிற்சி ஆள், விசில் அவன் கையில். ஓடவிட்டால் என்ன ஆகும் என்று அந்த மேஜையில் எனக்கு மட்டும்தான் தெரியும். இன்னொரு கப் காப்பி ஊற்றிக்கொண்டேன்.

கோடைப் பயிற்சிக்கு எங்களிடம் விருப்பப் பயிற்சி என்று பெயர். வந்தால் வரலாம், வராவிட்டால் போகலாம், விதி அப்படி. வராமல் இருந்தவனை நான் பார்த்ததில்லை. கோச் மைதானத்தில் இருக்கக் கூடாது, அதுவும் விதி. அதனால் ஹாகர்ட் மாடி அறை ஜன்னலில் இருந்து பார்ப்பார். கண்ணாடி வெயிலில் பளபளக்கும், ஆள் தெரியாது. திரை ஏறியிருந்தால் அவர் பார்க்கிறார் என்று அர்த்தம், பையன்களுக்கும் இது மனப்பாடம்.

அன்று ஜூலை வெயில். மைதானத்தின் குறுக்கே ஓடி ஓடித் திரும்ப வேண்டும். மற்றவர்கள் முடித்து நிழலுக்குப் போன பிறகும் பர்டெட் டவாரிஸை மட்டும் நிறுத்திவைத்தான்.

"என்ன தலைவரே, சங்கம் பேச மூச்சு இருக்கு, ஓட மூச்சு இல்லையா? கிளம்பு, கிளம்பு."

அவன் ஓடினான். திரும்பி வந்தான். மறுபடி ஓடினான். பாதியில் நின்று என்னைப் பார்த்தான்.

நான் மாடியைப் பார்த்தேன். திரை ஏறியிருந்தது.

ஒன்று புரிந்துகொள்ளுங்கள். அன்று துண்டை எடுத்திருந்தால் அவன் கட்சியில் நானும் சேர்ந்துவிட்டேன் என்று ஆகியிருக்கும். அப்படி ஆனால் என் இடத்துக்குப் புதிதாக எவனாவது வருவான், அவனுக்குப் பையன்கள்மேல் என் அளவுக்கு அக்கறை இருக்காது. இதை அப்போதே யோசித்தேனா, பிறகு யோசித்தேனா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. துண்டு தோளிலேயே இருந்தது. அவன் கொஞ்சம் காத்துப் பார்த்தான். நான் கவனிக்கவில்லை என்று நினைத்தானோ என்னவோ, நெற்றிக்கு மேல் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். பிறகு ஓடினான்.

அடுத்த சுற்றில் உட்கார்ந்துவிட்டான். விழவில்லை, மெதுவாக உட்கார்ந்தான். நான் பக்கத்தில் போனேன்.

"கால் என்னுது மாதிரியே இல்ல சார்" என்றான். தெளிவாகப் பேசினான். தசை இழுத்துக்கொண்டவன் கத்துவான், சிக்கிள் செல்லில் சரிபவன் இப்படித்தான் அமைதியாகப் பேசுவான். வருடா வருடம் எங்களுக்கு வகுப்பு எடுத்து இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நானே இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆக்ஸிஜன் வண்டி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

அவன் கணுக்காலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். ஜன்னல் வரைக்கும் கேட்கிற மாதிரி, "கணுக்கால் நல்லாத்தான் இருக்கு, எழுந்திரு" என்றேன்.

என்னை ஒருமாதிரி பார்த்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "சரி சார்" என்று மண்ணில் கையை ஊன்றி எழுந்தான். பர்டெட்டுக்காக எழுந்திருக்க மாட்டான். நான் சொன்னதால் எழுந்தான். இன்னும் ஒருமுறை மைதானத்தைத் தாண்டினான், திரும்பி வரவில்லை.

அவன் விழுந்த பிறகு எல்லாம் முறைப்படி செய்தேன். ஆக்ஸிஜன் வைத்தேன், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பையன்கள் முழங்காலிட்டு ஜெபம் பண்ணினார்கள். அவர்களால் வேறு என்ன செய்ய முடியும், பாவம். என்னாலும்தான் என்ன செய்ய முடியும்.

ஆஸ்பத்திரியில், பையன் போய்விட்டான் என்று டாக்டர் சொன்ன பிறகு ஒடெஸா அம்மாளைப் பார்த்தேன். தொழிற்சாலை ரப்பர் பூட்ஸோடு அப்படியே வந்திருந்தார்.

"நீங்கதான் ரே சாரா? போன்ல உங்களைப் பத்தித்தான் பேசுவான். பயப்படாதம்மா, இங்க ஒருத்தர் இருக்காரு, அவரைத் திரும்பிப் பார்த்தாப் போதும், பார்த்துக்குவாருன்னு சொல்லுவான். நீங்க பக்கத்துல இருந்தீங்களாப்பா அப்ப?"

"இருந்தேம்மா" என்றேன். என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நன்றி சொன்னார். அவராக விடும்வரை நான் கையை எடுக்கவில்லை, இதை நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை.

ஒரு விஷயம் நீங்கள் இன்று உட்கார்ந்ததும் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று ஹாகர்ட் ஊரிலேயே இல்லை என்றீர்கள். முந்தின நாளே கடற்கரைக்கு மீன் பிடிக்கப் போய்விட்டார், தூசி தட்ட வந்த பெண் திரையை ஏற்றிவிட்டு மறந்து போயிருக்கிறாள் என்றீர்கள். அப்படியென்றால் அந்த ஜன்னலில் யாரும் இல்லை. யாராவது இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. நீங்கள் அதைக் கேட்கவில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆம்புலன்ஸில் வந்த பெண் ஸ்ட்ரெச்சரைத் தூக்குவதற்கு முன்னால் என்னிடம் கேட்டாள். "ரத்தத்துல ஏதாவது கோளாறு உண்டா சார்? சிக்கிள் செல், அந்த மாதிரி எதாவது? தெரிஞ்சா சொல்லுங்க, அதுக்குத் தகுந்த மாதிரி ஆஸ்பத்திரில தயார் பண்ணச் சொல்லிடுவேன்." பர்டெட் என் தோளருகே நின்றுகொண்டிருந்தான். டவாரிஸுக்கு அப்போது கண் திறந்திருந்தது, என் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லை" என்றேன்.

சொல்ல வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்ட பையன். நான் அவனுக்குக் கொடுத்த வாக்கைக் கடைசி வரை காப்பாற்றினேன், அதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.