நாராயணா சொல்வதற்கு முன்

சம்பந்திகளுக்குப் பரிமாறிய பிரதமன் பாயசத்தைத் தீய்த்தது நான்தான், இன்ஸ்பெக்டர் ஸார். அதில் ஒளிவுமறைவு இல்லை. தேங்காய்ப்பால் விட்டுக் கிளற வேண்டிய நேரத்தில் பெண்ணின் மாமாவுக்கு ஒரு தமாஷ் சொல்லிக்கொண்டிருந்தேன். தமாஷும் பிரதமனும் சேர்ந்தே அடிப்பிடித்தன. மாப்பிள்ளையின் அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பாராட்டுகிறார் என்று நினைத்து இன்னும் ஒரு கரண்டி விட்டேன்.

எனக்கு வாசனை தெரியாது. ஒரு கோடையில் வந்த விஷ ஜுரம் போகும்போது அதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மூக்கு பார்வைக்கு இருக்கிறது. பொடி போட்டால் தும்மல்கூட வரும்.

வேறு தொழிலாக இருந்தால் பாதகமில்லை. நாங்கள் வலியசாலை அக்ரஹாரத்துச் சமையல்காரர்கள். கல்யாணச் சமையல் ஸ்வாமிக்கு நைவேத்யம் ஆகும்வரை எங்கள் நாக்கில் படக்கூடாது, பட்டால் எச்சில். உப்பு போதுமா, புளியின் பச்சை போயிற்றா என்பதையெல்லாம் ஆவியில் மூக்கை நீட்டித்தான் அறியவேண்டும். இந்தத் தொழிலில் நான் தலைமைச் சமையல்காரன். காது கேளாத பாகவதர் மாதிரி.

நீலகண்டன் ஒருவனிடம்தான் சொன்னேன். ஒரே அடுப்படியில் தொழில் கற்றவர்கள் நாங்கள். அன்றிலிருந்து எனக்கும் சேர்த்து அவன் முகர்ந்தான். உப்பு குறைந்தால் தோள் துண்டை மாற்றிப் போடுவான். பதம் வந்தால் செருமுவான். சாப்பிட்டவர்கள், "வெங்கு கைமணமே தனி" என்பார்கள். நான் அடக்கமாகத் தலையை ஆட்டுவேன். பிரதமன் தீய்ந்த அன்றும் அவன் தொண்டை கிழியச் செருமினானாம். நான்தான் தமாஷில் இருந்தேன்.

எனக்குக் கண் பழுதில்லை. எத்தனை இலை விழும் என்று சொன்னால் அளக்காமலே அரிசி எடுத்து வைப்பேன். வீட்டில் கோபிக்கத் தெரியாத மனைவி. இவற்றை நினைத்து ஒரு நாளாவது சந்தோஷப்பட்டேனா என்றால், இல்லை. போன ஒன்றின் மேலேயே புத்தி உட்கார்ந்திருந்தது. தெருவில் யாராவது மூக்கைச் சொறிந்தால், என்னைத்தான் சொல்கிறான் என்று தோன்றும். இல்லாதது மட்டும் ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது? தாங்கள் படித்தவர், தங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

பிரதமன் விஷயம் நடந்த பின், ஸ்ரீவராகத்தில் நாகலக்ஷ்மி மாமியின் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பொடி வாங்கப் போனவன் அந்த வீட்டு வாசலைத் தாண்டினேன். கூடத்தில் நீலகண்டன் நின்றிருந்தான். மாமியிடம் ஏதோ சொல்லி, தன் மூக்கைத் தொட்டுக் காட்டினான். இருவரும் சிரித்தார்கள். கல்யாணச் சமையலை ஒப்புக்கொண்டதற்கு அடையாளமான வெற்றிலை பாக்கு, எப்போதும் என் கைக்கு வருவது, அன்று அவன் கையில் இருந்தது.

"மாமிகிட்ட என்னடா சொன்னே?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லேடா. வேலை நம்மளுதாச்சு. பாக்கியெல்லாம் உனக்கு எதுக்காக்கும்?"

மாமியிடமும் கேட்டேன். "நன்னா வரணும், அவ்வளவுதான்" என்று உள்ளே போய்விட்டாள். நேராக யாரும் பதில் சொல்லவில்லை. என் ரகசியத்தை விற்று அவன் வெற்றிலை வாங்கிவிட்டான் என்று புரிந்துகொள்ள எனக்குப் பதில் தேவைப்படவும் இல்லை.

சாதம் வடிப்பது எப்படி என்று தங்களுக்குச் சொல்லவேண்டும். பெரிய வெண்கலப் பானையின் வாயில் துணி கட்டி, இரண்டு பேராகச் சாய்ப்போம். ஒருவன் கொதிக்கும் கஞ்சி விழும் பக்கம் நின்று பானையின் கழுத்தைத் தாங்குவான். மற்றவன் அடியைத் தூக்குவான். கழுத்துப் பக்கத்தான் ஒதுங்கி நின்று "நாராயணா" என்று சொல்வதற்கு முன் அடியைத் தூக்கக்கூடாது. எங்களுக்கு இருக்கும் சட்டமே அது ஒன்றுதான்.

கல்யாணத்தன்று காலை நீலகண்டன் கழுத்துப் பக்கம் குனிந்து துணியின் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தான். நாராயணா சொல்லவில்லை. நான் தூக்கினேன்.

பந்தலில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். வாசனை தெரியாதது எனக்கு உதவியாக இருந்தது அன்று ஒரு நாள்தான்.

ஆஸ்பத்திரியில் உயிர் இருந்தவரை, "வெங்குக்குக் கை வழுக்கிப்போச்சு, அவன்மேல தப்பில்லே" என்றே எல்லோரிடமும் சொன்னானாம். சாகும்போதும் நல்ல பெயரை அவனே எடுத்துக்கொண்டான். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

"நேரே பறயணும் ஸ்வாமி. கை வழுக்கியதா, வேணும்னு செய்ததா?" என்று தாங்கள் கேட்டீர்கள். முழுவதும் சொன்னால் அவன் மனைவி சாவித்ரியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம் என்றும் வாக்குக் கொடுத்தீர்கள். கை வழுக்கவில்லை. அவளைக் கூப்பிடுங்கள்.

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவள் வெளியே நின்றிருந்தாள்.

"சாவித்ரி, எனக்கு வாசனை தெரியாதுன்னு அவன் மாமிகிட்ட சொன்னானா, இல்லையா?"

அவள் அழவில்லை. என்னை நேராகப் பார்த்தாள்.

"சொன்னார் அண்ணா. மாமிக்கு மட்டுமில்லே, எல்லா வீட்டுக்கும் போய்ச் சொன்னார். ஊருக்கே தெரியுமாக்கும். 'தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்கோ, அவன் மனசு தாங்கமாட்டான். அவன் மூக்குக்கு நான் பொறுப்பு'ன்னு கெஞ்சிக் கேட்டுண்டார். அந்த வெத்தலையையும் உங்க பேருக்குத்தான் வாங்கினார். வெங்கு கைமணம்னு சொல்லச் சொல்லிக் குடுத்ததே அவர்தான்."