அவர் துப்ப மறுத்த குதிரைக் காசு

மேடையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் டாக்டரின் கணவர் அவர்களே, அருங்காட்சியகக் காப்பாளர் அவர்களே, டாக்டரிடம் பல்லையும் காட்டி, காசையும் காட்டி, திட்டும் வாங்கிக்கொண்டு போன பெரியோர்களே, சகோதரிகளே, பழங்காசு மன்றத்து நண்பர்களே! என் வலது கை கட்டுப் போட்டுத் தொங்குவதால் உங்களைக் கும்பிட முடியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் காசு டாக்டர் படித்தது பல்லுக்கு. பைத்தியம் பிடித்தது பழங்காசுக்கு. அவர் மருத்துவமனைக்குக் கீழேதான் என் மூக்குக்கண்ணாடிக் கடை. அவர் கண்ணில் வைத்துப் பார்த்த உருப்பெருக்கி நான் தேய்த்துக் கொடுத்தது.

முன்வரிசையில் இருக்கும் மேஸ்திரி ஒருமுறை கழுத்தில் ஒரு காசைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். ஆயிரம் வருஷத்துக் காசு என்றார். டாக்டர் அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"தையல் போட்ட மாதிரி மேடு தெரியுதா? அந்தக் காலத்துல காச அச்சு வெச்சு அடிப்பாங்க. இது வார்ப்புல ஊத்துனது. நேத்து பொறந்த கொழந்தைக்கு நரைமுடி ஒட்டியிருக்காங்க."

"அப்போ பொய்யா டாக்டர்?"

"காசு பொய். உங்க கடவாப்பல் வலி நெஜம். உட்காருங்க."

இப்படிப்பட்டவரையா அடித்துக் கொன்றார்கள்? ஆம், இப்படிப்பட்டவரைத்தான்.

அருங்காட்சியகத்தில் கொள்ளை போனதும், காவலாளியின் மண்டையை இரும்புத் தடியால் பிளந்ததும் நீங்கள் அறிந்ததே. அதன் பிறகு ஒரு பிற்பகலில் மூன்று பேர் பல்வலி என்று மாடியேறினார்கள். தலைவன் நோயாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒரு வெள்ளிக் காசை நீட்டினான். டாக்டர் அசல் என்று சொன்னால்தான் வாங்குகிறவன் நம்புவானாம். பக்கத்தில் தட்டேந்தி நின்ற உதவியாளர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"எங்க கெடச்சுது?"

"எங்க நெலத்துலதான். உழும்போது."

டாக்டர் உருப்பெருக்கியை இறக்கவில்லை. "குதிரையோட கழுத்துல மயிரிழை மாதிரி ஒரு கோடு ஓடுது பாருங்க. அடிக்கும்போது அச்சு வெடிச்சிருக்கு. ஓரத்துல உளி பட்ட காயம். இந்தக் காச நான் ஏற்கெனவே பார்த்திருக்கேன். அருங்காட்சியகத்துல இது என்ன காசுன்னு சொன்னதே நான்தான். காவலாளிய அடிச்சது யாரு, நீயா?"

அவன் காசைப் பிடுங்கக் கை நீட்டினான். அவர் அதை வாயில் போட்டுக்கொண்டார்.

உதவியாளரை எக்ஸ்ரே அறையில் தள்ளிப் பூட்டினார்கள். மீதி, அந்த அறைக் கதவின் கண்ணாடி வழியே அவர் பார்த்தது. டாக்டரின் கையை மேசை இழுப்பறையில் வைத்து, இழுப்பறையை உதைத்து மூடினார்கள். எந்த விரல்களால் ஊசி போட்டால் நமக்கு வலிக்காதோ, அந்த விரல்கள். "துப்புடி" என்று வயிற்றில் மிதித்தார்கள். துப்பவில்லை. தலைவன் வாய்க்குள் விரலை விட்டு நெம்பினான். பல் டாக்டரின் வாயில் விரல் விட்டால் என்ன ஆகும்? எலும்பு தெரியக் கடித்தார். அந்த அலறல் கேட்டுத்தான் நான் மாடிக்கு ஓடினேன். அதற்குள் அவர் காசை விழுங்கிவிட்டிருந்தார். பல் துளைக்கும் எந்திரம் கவிழ்ந்து கிடந்தது, தரையெல்லாம் ரத்தம். வாசலில் ஒருவன் தடியை வீசினான். தலைக்கு வந்தது கையோடு போயிற்று.

விரலுக்குத் தையல் போடப் போன இடத்தில் தலைவன் பிடிபட்டான். மற்ற இருவரும் அவன் வாயாலேயே மாட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு நினைவு வந்தபோது கணவர் அழுதுகொண்டே கேட்டார்: "தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"தெரிஞ்சுடுச்சேங்க" என்றார்.

பிறகு என்னைப் பார்த்தார். "காச வெளிய எடுத்தா யாரும் பளபளன்னு தேய்க்க வேணாம்னு சொல்லுங்கண்ணா. கோடு போயிடும்."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. பிரேதப் பரிசோதனையில் காசு கிடைத்தது. யாரும் தேய்க்கவில்லை. கோடும் இருக்கிறது, உளிக் காயமும் இருக்கிறது.

நண்பர்களே, நாளை மறுநாள் வழக்கு விசாரணை. சாட்சி சொல்லப் போனால் இன்னொரு கையும் இருக்காது என்று எனக்குத் தொலைபேசியில் சொல்கிறார்கள். உதவியாளரின் வீட்டுக் கதவைக் கத்தியால் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். மேடை ஏறும் முன் அந்தப் பெண்ணிடம் கேட்டேன், "பயமா இருக்காம்மா?"

"பயமாத்தான் இருக்குண்ணா. வரேன்."

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. நானும் போகிறேன். நம் மன்றம் வழக்கம்போல் டாக்டரின் அதே மாடியில் கூடும். காசு கொண்டுவருபவர்களுக்கு உண்மையைத்தான் சொல்லும். காவலாளியின் மனைவியும் நீதிமன்றத்துக்கு வருகிறார். அவரைத் தனியாக உட்கார விடமாட்டோம் என்று டாக்டரின் படத்துக்கு முன்னால் உறுதி சொல்கிறேன்.

தொலைபேசியில் பேசியவரின் ஆள் இந்தக் கூட்டத்தில் இருந்தால், போய்ச் சொல்லட்டும்: முதல் சாட்சி கண்ணாடிக் கடைக்காரன். இடது கையைத் தூக்கிச் சத்தியம் செய்வான்.