ஜன்னலோரத்து மெத்தை

— செருப்போட மெத்தையில ஏறாதடா! கடை வண்டி ஓட்டுற உனக்கே தெரியலன்னா, வாங்க வர்றவங்களுக்கு நான் என்னத்தச் சொல்லுறது?

— கழட்டிட்டேன்க்கா, போதுமா? முதலாளி மதியமே கிளம்பிட்டாரு. டெலிவரியும் முடிஞ்சுது. வருஷக் கடைசி நாளு, இந்தப் பனிமூட்டத்துல எவன் வந்து மெத்தை கேக்கப் போறான்?

— அதான் பாரேன். எதிர்த்த ரோட்டையே காணோம். கடைக்கு யாரோ வெள்ளை உறை மாட்டிவிட்ட மாதிரி இருக்கு.

— நீயும் வந்து படு. இந்த ஜன்னலோரத்து மெத்தை மேலதானே உனக்குக் கண்ணு? தினமும் தடவிக் கொடுத்துட்டுப் போறத நான் பாக்கலன்னு நினைச்சியா?

— தூசி தட்டுறேன்டா.

— தூசிய யாரும் அவ்வளவு ஆசையா தட்ட மாட்டாங்க. படுக்கா, சும்மா.

— விக்கிறவ படுக்கலாமா? ...சரி, நகரு. ஒரு நிமிஷம்தான்.

— ம். இப்ப கண்ண மூடு. வர்றவங்களையெல்லாம் படுக்க வச்சு, கண்ண மூடச் சொல்லி, மூணு கேள்வி கேப்பியே? இன்னைக்கு அத நான் கேக்குறேன். விடிஞ்சா புது வருஷம்.

— என் பொழப்ப எனக்கே விக்கிறியா? கேளு, கேளு.

— எந்தப் பக்கமா திரும்பிப் படுப்பீங்க?

— நான் எங்கடா படுக்குறேன்? அம்மா கட்டில் பக்கத்துல அந்த நாற்காலி இருக்குல்ல, அதுலதான்.

— இன்னுமா? அம்மா போயி மழைக்காலமே வந்துட்டுப் போயிடுச்சு. கட்டில் சும்மாத்தானேக்கா கிடக்கு?

— பழகிப்போச்சு. அம்மாவுக்கு வலது கை விளங்காமப் போனதுல இருந்து, வருஷக்கணக்கா அந்தச் சின்ன மணிக்குக் காதைக் கொடுத்தே உக்காந்திருந்தேன். இடது கையால லேசா ஆட்டுவாங்க, நான் எந்திரிச்சிடுவேன். இப்பவும் நல்லா நீட்டிப் படுத்தா எங்க கேக்காமப் போயிடுமோன்னு இருக்கு.

— சரி விடு. அடுத்த கேள்வி. காலையில எப்படி எந்திரிக்கணும்னு ஆசை?

— அதெல்லாம் யோசிச்சு வச்சுட்டேன். நாளையில இருந்து இருட்டுலயே எந்திரிக்கணும். ஞாயித்துக்கிழமையும் கடைக்கு வந்துடணும். சாயங்காலம் ஆஸ்பத்திரில, துணைக்கு ஆளில்லாத நோயாளிங்க பக்கத்துல போய் உக்காரணும். சும்மா இருக்கவே கூடாது.

— நான் ஆசையக் கேட்டேன். நீ ஜெயில் சட்டம் வாசிக்கிற.

— எனக்கு அதுதான்டா சரி.

— அப்ப கடைசிக் கேள்வி. எங்க உறுத்துது?

— போதும்டா, நான் எந்திரிக்கிறேன்.

— கண்ணத் திறக்காத. சொல்லு.

— அந்த ராத்திரிதான் உறுத்துது. அத்தனை வருஷத்துல அன்னைக்கு ஒருநாள்தான் நான் அசந்து தூங்கினேன். கனவு கூட வந்துச்சு, நான் ஏதோ தண்ணியில மிதந்துக்கிட்டே போற மாதிரி. முழிச்சா விடிஞ்சுபோச்சு. அம்மா போயிட்டாங்க. கூப்பிட்டிருப்பாங்கடா. ஒரு வாய் தண்ணிக்காவது மணியடிச்சிருப்பாங்க. நான் கட்டை மாதிரி கிடந்திருக்கேன்.

— அக்கா, மணி அடிச்சிருக்காது.

— உனக்கென்ன தெரியும்? நீ லோடு ஏத்திக்கிட்டு வெளியூர் போயிருந்த.

— வந்து கட்டில ஒதுங்க வச்சது யாரு? நான்தானே? மணி தலகாணிக்கு அடியில இருந்துச்சு. உள்ள நாக்கச் சுத்திப் பஞ்சு. எவ்வளவு ஆட்டினாலும் சத்தம் வராது.

— பஞ்சா?

— பிச்சு எடுத்துட்டேன். யாருகிட்டயும் மூச்சு விடல. நீதான் முடியாமப் போயி சுத்தி வச்சுட்டியோன்னு நினைச்சேன். சத்தியமா உன்மேல கோபமே இல்லக்கா. உன் இடத்துல நான் இருந்தா முதல் மாசமே அந்த மணியத் தூக்கிக் கிணத்துல போட்டிருப்பேன்.

— நானாடா? நான் அந்த மணிய என்னைக்குடா தொட்டேன்?

— ...நீ இல்லையா?

— இத்தனை மாசமா என்னை அப்படியா நினைச்சுக்கிட்டு இருந்த?

— அதனாலதான் அந்த ராத்திரியப் பத்திப் பேச்சே எடுக்கல. எடுத்தா நீ கூசிப்போயிடுவியேன்னு.

— பைத்தியக்காரா. நீ பேசாம இருந்தது, நான் அன்னைக்குத் தூங்கிப்போனதாலன்னு நினைச்சேன். மனசுக்குள்ள என்னைத் திட்டுறியோன்னு நினைச்சேன்.

— நானா? உன்னையா?

— இரு, இரு. அந்தப் பஞ்சு எப்படி இருந்துச்சு? நூல் போட்டுக் கட்டியிருந்துச்சா?

— இல்ல. முடிச்சே கிடையாது. சும்மா சுத்தி, நுனிய உள்ள சொருகியிருந்துச்சு. ஏன்?

— முடிச்சுப் போட ரெண்டு கை வேணுமேடா.

— ...அக்கா.

— அந்தத் தலகாணி ஓரம் பிரிஞ்சு கிடந்துச்சு. எலி வேலைன்னு நினைச்சு நான்தான் தச்சு வச்சேன்.

— அம்மாவா?

— அன்னைக்குச் சாயங்காலம் கன்னத்தத் தொட்டு, 'கண்ணெல்லாம் குழி விழுந்துபோச்சே, பாவி மகளே'ன்னாங்க. 'அதுக்கு என்ன பண்ணச் சொல்ற'ன்னு நான் எரிஞ்சு விழுந்தேன். ஒரு கையால எவ்வளவு நேரம் பிடிச்சிருக்கும்டா? நான் தூங்கின பிறகு, இருட்டுல, சத்தம் வராம...

— அழாதக்கா.

— அழலடா. கண்ணு சொக்குது. தம்பி, இந்தப் பனி உள்ளயே வந்துடுச்சா?

— இல்லக்கா, வெளியதான் இருக்கு. போர்வை தரட்டுமா?

— ம்ம். அந்தக் கனவுல வர்ற மாதிரியே இருக்கு. மிதக்குற மாதிரி.

— நாளைக்கு இருட்டுலயே எந்திரிக்கணும்னியே? ஞாயித்துக்கிழமை, ஆஸ்பத்திரி, அதெல்லாம்?

— அதெல்லாம் கிடக்கட்டும். யாராவது வந்து கேட்டா, இந்த மெத்தை வித்துப்போச்சுன்னு சொல்லு. யாரு வாங்கினாங்கன்னு கேட்டா, எங்க அம்மான்னு சொல்லு.