எலுமிச்சையின் அளவு

எலுமிச்சையை அளப்பது தோலை அளப்பதைவிடச் சுலபம். தோலின் ஓரம் ஒழுங்காக இருக்காது. எலுமிச்சையை எப்படித் திருப்பி வைத்தாலும் கேமராவுக்கு ஏறக்குறைய ஒரே வட்டம்தான்.

ஆம்பூருக்கு வெளியே தோல் பதனிடும் அந்த டேனரியில் நான் என்ஜினியர். தோலின் பரப்பை அளக்க ஒரு கேமராவையும் கம்ப்யூட்டரையும் இணைத்து வைத்திருந்தேன். கறுப்புப் பலகைமேல் வெளிறித் தெரிவதைப் புள்ளி புள்ளியாக எண்ணி அது அளவு சொல்லும். 1987இல் அப்படி ஒன்றை இந்தப் பக்கம் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

எங்கள் கழிவுநீர்க் குட்டையை ஒட்டி வேலாயுதத்தின் எலுமிச்சைத் தோட்டம். குட்டைத் தண்ணீர் கிணற்றில் இறங்கிவிட்டது, காய் வருடா வருடம் சிறுக்கிறது என்று மனு கொடுத்தான். கிணற்று நீரைக் குடிப்பதையும் நிறுத்தியிருந்தான். அவன் மனைவி அம்சவேணி ஊர்க்கோடியிலிருந்து குடம் சுமந்தாள். விசாரிக்க வந்த அதிகாரி, காயை அளந்தே பார்த்துவிடலாம் என்றார். கருவி என்னிடம் இருந்தது.

தோட்டத்திலேயே மேசை போட்டேன்.

"இன்னா சார், சினிமா புடிக்க வந்தியா?" என்றான் வேலாயுதம். "காய கையில எடுத்துப் பாரு. எலுமிச்சையா இது, கோலியா?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். நான் அடுத்துச் செய்ததற்குக் காரணம் அந்தச் சிரிப்பல்ல. டேனரியை மூடினால் எத்தனை அடுப்பு அணையும் என்று யோசித்தேன். எதிர்ப்பக்கம் இருந்தது ஒரே ஒரு தோட்டம்.

அளவு தெரிந்த வெள்ளைப் பந்து ஒன்றை முதலில் கேமராவுக்குக் காட்டினேன். அளவு சரியாக வந்தது. அதிகாரி தலையசைத்தார். பிறகு கேமராவை இரண்டு விரற்கடை இறக்கினேன். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பக்கத்தில் வந்தால் எதுவும் பெரிதாகத் தெரியும். திரையில் வந்த எண்ணை நான் தொடவில்லை.

காய்கள் இருக்கவேண்டிய அளவில் இருப்பதாக அதிகாரி எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். வேலாயுதம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பொட்டிக்கு யார் மேல இன்னா கோவம்? என் கண்ணுதான் கெட்டுப்போச்சி போல. அப்ப தண்ணி நல்லாத்தான் கீதா சார்?"

"தாராளமாக் குடிங்க."

"அப்பாடா, குடம் தூக்குற பேஜாரு விட்டுச்சி," என்று அம்சவேணி கிணற்றில் வாளியை இறக்கினாள். ஒரு சொம்பு மொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். "மொதல்ல நீங்க குடிங்கண்ணா."

"இப்பதாம்மா டீ குடிச்சேன்."

அந்தச் சொம்பை மகள் மனோரமாவிடம் கொடுத்தாள். வெயிலில் நின்ற குழந்தை. முழுவதும் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டது.

தை பிறப்பதற்குள் மனோரமாவை வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். திரும்பி வரும்போது துணி சுற்றியிருந்தது. டேனரி சார்பில் மாலை வைத்தவன் நான்தான். குழந்தை முன்பே நோஞ்சான் என்று அங்கே யாரோ சொன்னார்கள். இருக்கலாம்.

அந்தக் குட்டையை வெட்டும்போது மேற்பார்வை பார்த்தது நான் என்பது விசாரணைக்கு வந்திருக்கும் உங்களுக்குத் தெரியும். அடியில் சிமெண்டு போடவில்லை என்பதும் தெரியும். இருந்தும், தண்ணீர் கெட்டது எனக்குத் தெரியுமா என்றே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்.

பொய் சொல்வது என் வழக்கமில்லை. அந்தத் தோட்டத்தில் நான் சொன்ன பொய் ஒன்றே ஒன்று. அன்று காலையிலிருந்து நான் டீ குடித்திருக்கவில்லை.