ஹனேடாவில் பெட்டியைத் திறந்தால்

— அங்க போயி எறங்குனதும் பெட்டியத் தொறந்து பாப்பாங்களாங்க?

— எங்க, டோக்கியோ ஹனேடா ஏர்ப்போர்ட்லயா? நாலாவது தடவை கேக்கற தாமரை. பத்துப் பேருல ஒருத்தரோடதப் பாப்பாங்க. உன்ற கொள்ளுப்பொடியப் பாத்தான்னா, எனக்கும் ஒரு கரண்டி குடுங்கம்பான்.

— வெளையாடாதீங்க. நெஜமாத்தான் கேக்கறேன்.

— டென்ஷனே வேண்டாம். நம்ம கேட்டி ஊர்ல இருந்து ஏர்ப்போர்ட் அம்பது நிமிஷம். ஃப்ளைட்டுக்கு இன்னும் முழுசா மூணு மணி நேரம் இருக்குது. எல்லாம் ஷீட்ல போட்டிருக்கறேன். வெண்பா, அம்மாவுக்கு ஒருக்கா படிச்சுக் காட்டு கண்ணு.

— டாட், இந்த ஷீட்ல ஃபைவ் டேப்ஸ் இருக்கு. வெதருக்கு ஒரு டேப். ஹூ டஸ் தட்?

— மழை பேஞ்சா எங்க போறதுன்னு தெரிய வேண்டாமா? படி, படி.

— ஓகே. டே ஒன், அசாகுசா டெம்பிள், மெலன் பான்னு ஒரு ஸ்வீட் பன். டே டூ, கன்வேயர் பெல்ட் சூஷி. யெஸ்! டே த்ரீ, புல்லட் ட்ரெய்ன்.

— அந்த ட்ரெய்ன்ல நம்ம சீட்டு எல்லாம் வலது பக்கம். அப்பத்தான் ஃப்யூஜி மலை தெரியும். கியோட்டோல செவப்பு வாசலா நட்டு வெச்ச கோயிலுக்குக் காலைல ஆறு மணிக்கெல்லாம் போயிரோணும். நாரால மானுக்கு பிஸ்கெட்ட நீட்டுனா அது தலையக் குனிஞ்சு கும்புடும். ஓசாகால ஆக்டோபஸ் போண்டா.

— தகோயாகி, டாட்.

— போண்டாதான் கண்ணு அது. அப்பறம் அங்கிருந்து சியோல். தாமரை, உனக்குன்னே அங்க ஒரு மார்க்கெட்டப் போட்டேன். பயத்தம்பருப்ப அரைச்சு, அடை கணக்கா எண்ணெயில பொரிச்சு, சுடச்சுடத் தர்றாங்களாமா.

— எனக்கு எதுவும் எறங்காதுங்க. சித்தெ வண்டிய ஓரங்கட்டுங்க.

— ஃப்ரீவேல எங்க ஓரங்கட்டறது? வாந்தி வருதா?

— வாந்தியில்ல. உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்.

— அம்மா, டோன்ட். ப்ளீஸ்.

— என்ன டோன்ட்? என்ன ரெண்டு பேரும்?

— சொல்லித்தான் ஆகோணும் வெண்பா. சொல்லாம ப்ளேன் ஏறுனா அங்க போயி மாட்டிக்குவோம். ஏங்க, அவ எட்டாவது படிக்கறப்ப ஸ்கூல் கவுன்சிலர் நம்ம ரெண்டு பேரையும் கூப்ட்டுப் பேசுனாங்களே, ஞாபகம் இருக்குதா?

— இருக்குது. கவனம் நிக்க மாட்டேங்குது, ஏடிஹெச்டியா இருக்கும், டாக்டர்கிட்டக் காட்டுங்கன்னாங்க.

— அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?

— என்ன சொன்னேன்?

— எங்க குடும்பத்துல யாருக்கும் மண்டைக்கு மாத்திரை கெடையாது, ஒழுங்கா உக்காந்து படிச்சாப் படிப்பு வந்துட்டுப் போகுதுன்னீங்க. அந்தம்மா மூஞ்சியே செத்துப் போச்சு. இவ கார்ல பூரா அழுதுட்டு வந்தா. நான் உங்களுக்குத் தெரியாம இவளக் கூட்டிட்டுப் போயிக் காட்டிட்டேன். ஒண்ணே கால் வருசமா மாத்திரை சாப்பிடறா. என் ஆபீஸ் இன்ஷூரன்ஸ்லதான்.

— ம்.

— ம்முன்னா?

— ம்முன்னா கேட்டுட்டேன்னு அர்த்தம்.

— ஏங்க, கத்தீருங்க. நீங்க கத்தப் போறத நெனச்சு நெனச்சே நான் இத்தன நாளும் தூங்காமக் கெடந்தேன். இப்ப இப்பிடி கம்முன்னு இருந்தா பயமா இருக்குது.

— பக்கத்துல ட்ரக்கு வருது தாமரை. கத்துனா ஆச்சா?

— டாட், இட் ஹெல்ப்ஸ் மீ. இப்பல்லாம் ஒரு ஃபுல் பேஜ் படிக்க முடியுது. மொதல்ல எல்லாம் லைன் ஜம்ப் ஆயிட்டே இருக்கும். நான் லேஸின்னு நெனச்சேன்.

— தெரியும் கண்ணு.

— என்ன தெரியும் உங்களுக்கு?

— மார்க் ஏறியிருக்கறது தெரியும்னு சொன்னேன். சரி, சொல்லீட்ட இல்ல? விடு. டூர் முடிஞ்சு வந்து பேசிக்கலாம். இதுக்கா வண்டிய ஓரங்கட்டச் சொன்ன?

— இதுக்கில்லீங்க. பயமே இனிமேல்தான். என் ஆபீஸ்ல மானஸா இருக்கறாளே, பார்சிப்பனி ப்ராஞ்சுல இருந்து மாத்தலாகி வந்தவ, அவ பையன் சுஹாஸுக்கும் இதே மாத்திரைதான். போன வருசம் அவங்க ஜப்பான் போயிட்டு வந்தாங்க. விடிகாலைல எனக்கு மெசேஜ் போட்டிருக்கறா. ஹேப்பி ஜர்னி, வெண்பா மாத்திரைய எடுத்துட்டுப் போகலதானேன்னு. பெட்டியெல்லாம் வண்டில ஏத்துனதுக்கப்பறம்தான் பாத்தேன்.

— ஏன்?

— அந்த மாத்திரை அந்த நாட்டுக்குள்ளயே போகக் கூடாதாமா. போதை மருந்துக் கணக்குல வருதாமா. நானும் தூதரகத்து வெப்சைட்ல போயிப் படிச்சுட்டேன். அப்படித்தான் போட்டிருக்குது.

— டாக்டர் சீட்டு இருந்தாலுமா?

— சீட்டு இருந்தாலும்தான்.

— ஒண்ணு ரெண்டு தெரியாமப் பையில கெடந்தா?

— ஒண்ணே ஒண்ணு கெடந்தாலும் பிடிச்சு உள்ள வெச்சுருவாங்களாமா. தெரியாதுன்னு சொன்னாலும் விட மாட்டாங்களாமா. ஏங்க, பாத்து! அவன் ஹார்ன் அடிக்கறான், கேக்கலயா?

— கேக்குது, கேக்குது. எங்க வெச்சிருக்கற அத?

— கொள்ளுப்பொடி டப்பாவுல.

— எதுல?

— பாட்டில்ல மிச்சமிருந்தத எண்ணாமக்கூட ஒரு ப்ளாஸ்டிக் கவர்ல கொட்டி, பொடிக்குள்ள பொதைச்சு வெச்சேன். உங்க கண்ணுல படக் கூடாதுன்னுதான். மருந்துப் பையில வெச்சா அட்டவணை போட்டு எண்ணுவீங்களே.

— ஏம்புள்ள, உனக்குப் புத்தி கித்தி இருக்குதா? பாட்டில்ல பேரோட இருந்தாலாவது தெரியாம எடுத்துட்டு வந்துட்டோம்னு சொல்லலாம். பொடிக்குள்ள பொதைச்சு வெச்சா கடத்தறோம்னுதான சொல்லுவான்? அவன் டப்பாவத் தொறந்து கரண்டிய விட்டுக் கிண்டுனான்னா?

— அதத்தான நாலு தடவை கேட்டேன், பெட்டியத் தொறப்பாங்களான்னு!

— கைஸ், தி எக்ஸிட். டாட், எக்ஸிட்!

— பாத்துட்டேன். இந்த கேஸ் ஸ்டேஷன்ல நிறுத்தறேன். எல்லாத்தையும் வெளிய போட்டுட்டு நிம்மதியாப் போலாம். வெண்பா, மாத்திரையில்லாமப் பத்து நாள் சமாளிச்சுக்குவயா?

— இட்ஸ் வெகேஷன். நான் என்ன டெஸ்டா எழுதப் போறேன்? ட்ரெய்ன்ல டிக்கெட்டத் தொலைச்சா கத்தாதீங்க, அவ்ளோதான்.

— கத்த மாட்டேன் சாமி. நீ எதத் தொலைச்சாலும் கத்த மாட்டேன். எறங்குங்க. டிக்கியத் தொறந்துட்டேன். எந்தப் பெட்டி தாமரை?

— அந்தப் பச்சைப் பெட்டி. துணிக்கு அடியில, டவல் சுத்தி வெச்சிருக்கறேன். இருங்க, நானே எடுக்கறேன். இந்தாங்க, இதுதான்.

— குடு என்கிட்ட. பாத்ரூம்ல போட்டுத் தண்ணி விட்டுட்டு வந்தர்றேன்.

— இருங்க. எண்ணிக்கறேன்.

— தூக்கிப் போடறத எண்ணி என்ன பண்ணப் போற? நேரமாகுது, குடு.

— எண்ணோணும். எனக்கு ஒரு சந்தேகம் இருக்குது. ரெண்டு, நாலு, ஆறு, எட்டு, பத்து. கவருக்குள்ள வேற இருக்குதா பாருங்க.

— இல்ல. ஒண்ணுமில்ல. பொடிதான்.

— வெண்பா, இங்க வா.

— வாட்?

— ஒண்ணாந்தேதி முப்பது வாங்கியாந்தேன். இன்னைக்குப் பதிமூணு. காலைல நீ போட்டதையும் சேத்துப் பதிமூணு போயிருக்கோணும். பதினேழு எங்க? பத்துதான் இருக்குது.

— ஐ டோன்ட் நோ.

— ஜனவரில இருந்தே இப்படித்தான். மாசக் கடைசில நாலஞ்சு நாளைக்கு உனக்கே இல்லாமப் போயிருது. பார்மசில கேட்டா முப்பது நாள் ஆகாமக் குடுக்க மாட்டேங்கறாங்க. மொதத் தடவை நான்தான் எண்ணிக்கைய விட்டுட்டேன்னு இருந்தேன். அடுத்த மாசமும் கொறைஞ்சுது. உன்னையக் கேட்டேன். இல்லேன்னு சொன்ன.

— பிகாஸ் நான் எடுக்கல!

— கேழ்வரகு டப்பாவுக்குப் பின்னால பாட்டில் இருக்கறது உனக்கும் எனக்கும்தான் தெரியும். நான் எடுக்கல. அப்பறம் யாரு, காத்தா வந்து எடுத்துட்டுப் போச்சு?

— தாமரை, விடு. பார்க்கிங்ல நின்னுட்டு இது எதுக்கு? போயிட்டு வந்து பாத்துக்கலாம்.

— நீங்க சும்மா இருங்க. உங்களுக்கு இன்னைக்குத்தான் தெரியும், நான் மூணு மாசமா இத மனசுல வெச்சுட்டு வெந்துட்டிருக்கறேன். வெண்பா, நேராச் சொல்லீரு. உன் ஃப்ரெண்டு ஸ்ம்ருதிக்குக் குடுக்கறயா? டெஸ்டுக்கு முந்துன நாள் போட்டா நல்லாப் படிக்கலாம்னு கேட்டாளா?

— ஓ மை காட். நோ!

— போன வருசம் உங்க க்ளாஸ் பையன் ஒருத்தன் இப்படித்தான் ரெண்டு மாத்திரையக் குடுத்துட்டு மாட்டிக்கிட்டான். ஸ்கூலுக்குப் போலீஸ் வந்தாங்க. அவங்கம்மா என் முன்னால அழுதாங்க. இந்த ஊர்ல அதெல்லாம் ஜெயிலு வரைக்கும் போகும் கண்ணு. சொல்லு, நான் அடிக்க மாட்டேன். காசுக்கு வித்தயா?

— யூ திங்க் ஐ செல் ட்ரக்ஸ்? அம்மா, சீரியஸ்லி?

— நான் என்ன நெனைக்கறதுன்னே எனக்குத் தெரியல. பைய எடு.

— தாமரை!

— பைய எடுன்னு சொன்னேன். அங்க போயி இவ பையில ஒண்ணு உருண்டு கெடந்தா யாரப் புடிப்பாங்க? பதினஞ்சு வயசுப் புள்ளையத் தனி ரூம்ல வெச்சுப் பாஷை தெரியாதவங்க கேள்வி கேப்பாங்க. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துட்டிருக்கோணுமா? சார்ஜர். லிப் பாம். சூயிங்கம். இது என்ன?

— ஸ்கெட்ச் புக். ட்ரிப்ல வரையறதுக்கு. அதையும் உதறுங்க, கோ அஹெட்.

— ஜாக்கெட்டக் கழட்டு.

— எல்லாரும் பாக்கறாங்கம்மா.

— பாக்கட்டும். ஏர்ப்போர்ட்ல கழட்டறதுக்கு இங்க கழட்டறது மேல். நீ சொல்ற வரைக்கும் நான் இந்த வண்டில ஏற மாட்டேன். ஷீட்டும் வேண்டாம், கோயிலும் வேண்டாம், மானும் வேண்டாம். வேணும்னா உங்கப்பா மட்டும் போயி போண்டா தின்னுட்டு வரட்டும். ஷூவக் கழட்டு.

— சத்தியமா இல்லம்மா. உங்க மேல சத்தியம். நான் யாருக்கும் குடுக்கல. எனக்கே மாசக் கடைசில எவ்ளோ கஷ்டமா இருக்கும் தெரியுமா? நான் ஏன் குடுக்கப் போறேன்?

— அப்பறம் ஏழு எங்க? வாயத் தொறந்து சொல்லு, ஏழு எங்க?

— வெண்பா, ஷூவப் போட்டுக்க. கீழ கண்ணாடி கிண்ணாடி கெடக்கும்.

— குறுக்க வராதீங்கன்னு சொன்னனா இல்லையா? இதக் கேக்காம விட்டா நான் என்ன அம்மா?

— அவள நம்பு தாமரை. அவகிட்ட இல்ல.

— நீங்க எப்படிச் சொல்றீங்க? காலைல வரைக்கும் மாத்திரைன்னு ஒண்ணு இருக்கறதே உங்களுக்குத் தெரியாது.

— தெரியும்.

— என்ன?

— பொங்கலன்னைக்கு நெய் ஜாடியத் தேடறப்ப பாத்தேன். பாட்டில்ல அவ பேரு இருந்துச்சு. மொதல்ல உன் மேல பயங்கரமாக் கோவம் வந்துச்சு. கத்தறதுக்குன்னே சமையக்கட்டுல காத்துட்டு நின்னேன். அப்பறம் என்ன மாத்திரைன்னு போன்ல தேடிப் படிச்சேன். அதுல போட்டிருந்த ஒவ்வொரு வரியும் என்னையப் பத்தி எழுதுன மாதிரியே இருந்துச்சு.

— டாட்?

— ஆபீஸ்ல பாதிப் பேர அனுப்பிட்டாங்க. மிச்சமிருக்கறவன் மூணு பேரு வேலையப் பாக்கோணும். ஒரு மெயில நாலு தடவை படிச்சாலும் மண்டைல நிக்க மாட்டேங்குது. ஒரே ஒரு நாளைக்குன்னு ஒண்ணு போட்டேன். கவுன்சிலர் முன்னால அப்பிடிப் பேசுன வாயி இது. எந்த மூஞ்சிய வெச்சுட்டு நானும் டாக்டர்கிட்டப் போறேன்னு உன்கிட்டச் சொல்லுவேன்? உனக்கு மாசக் கடைசில இல்லாமப் போச்சுன்னு எனக்குத் தெரியாது கண்ணு. சத்தியமாத் தெரியாது.

— ஏங்க... அந்த ஏழு?

— என்ற லேப்டாப் பையில இருக்குது. நம்ம மூணு பேரு பாஸ்போர்ட்டுக்கும் கீழ.